பெருவுக்குப் போக ஆயத்தம்

(எமது சங்கத்தின் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

வாற ஓகஸ்ட் விடுமுறைக்கு எங்கட குடும்பம் தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டுக்குப் போகிறது. "இதுக்கு நீங்கள் பட்ட பாட்டைச் சொல்லுங்கோ, மற்றாக்களுக்கும் உதவும்" என்று தலைவர் கேட்டார். அதுதான் வந்து நிற்கிறேன்.

"பெருவோ? அங்கை ஆர் இருக்கினம்?" சொன்ன இடமெல்லாம் இதுதான் முதற் கேள்வி. எங்கட ஆக்களுக்கு விடுமுறை என்றால் சொந்தக்காரர் இருக்கிற ஊருக்குப் போவது. பெருவில் எங்களுக்கு ஒருவருமில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் மச்சு பிச்சு பற்றிப் படித்துவிட்டு வந்து ஒற்றைக் காலில் நின்றாள். அவ்வளவுதான் தொடக்கம்.

முதலாவது விசயம், பத்திரம். எங்கட வீட்டில் நாலு பேர். மூன்று பேரிடம் இந்த நாட்டுப் பாஸ்போட். அம்மாவிடம் இருப்பது 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தின் கீழ் தருகிற பயணப் பத்திரம். விட்டு வந்த நாட்டைத் தவிர மற்றெல்லா நாட்டுக்கும் செல்லும் என்று அதில் அடித்திருக்கிறது. வாசிக்க உலகம் முழுக்கத் திறந்து கிடக்கிற மாதிரி இருக்கும். ஆனால் பாஸ்போட்காரருக்கு இருக்கிற சலுகை பயணப் பத்திரக்காரருக்கும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. நாங்கள் நினைத்தோம். மலிவு என்று அமெரிக்கா வழியாக ரிக்கற் போட்டோம். அங்கே பிளேன் மாற மட்டும் இறங்கினாலும் அம்மாவுக்கு வீசா வேண்டும். ரிக்கற் விற்றவர் சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. அம்மாவின் ரிக்கற் காசு போனது போனதுதான்.

ஆகவே முதலில் தூதரகத்திடம் கேளுங்கோ. இடையில் இறங்குகிற நாட்டையும் கேளுங்கோ. பதிலை எழுத்தில் வாங்குங்கோ. திரும்பி வந்த பிறகும் பத்திரத்துக்கு எத்தனை மாதம் இருக்குது என்று பாருங்கோ. ரிக்கற் எடுப்பது கடைசி வேலை. இரண்டாம் முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம். தூதரகம் கேட்ட கடதாசியெல்லாம் கொடுத்து அலுவல் முடிந்தது.

இரண்டாவது, உயரம். தலைநகர் லீமா கடலோரம். மச்சு பிச்சுவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இறங்குகிற குஸ்கோ நகரமோ ஏறக்குறைய 3,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எங்கட பிதுருதலாகல மலையின் உச்சியே 2,524 மீற்றர்தான். உடனே மேலே போனால் தலையிடி, மூச்சு வாங்கல், சத்தி. அதனால் குஸ்கோவில் தங்காமல் கீழேயுள்ள உருபம்பா பள்ளத்தாக்கில் முதல் இரண்டு இரவு தங்குவது நல்லது. இன்காக்கள் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய மச்சு பிச்சு அதைவிடப் பதிவு, 2,430 மீற்றர். அதற்கு நாளும் நேரமும் குறித்த அனுமதிச் சீட்டு. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு. முன்கூட்டியே எடுக்க வேணும். ஓகஸ்ட் மாதம் மலையில் மழை குறைவு, ஆனால் இரவில் கடும் குளிர். அங்கே கொக்கா இலைத் தேநீர் தருவார்கள். குடிக்கலாம், இலையை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்துவிடாதேங்கோ, இங்கே அது குற்றம்.

அம்மாவுக்கு 76 வயது, பிரசர் இருக்கிறது. "குஸ்கோ வேண்டவே வேண்டாம்" என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மா உடனே, "நீங்கள் போட்டு வாங்கோ, நான் வீட்டில நிக்கிறன். அங்கை சோறும் கிடையாது" என்றா. பெருவில் சோறும் தாராளம், உருளைக்கிழங்கு பிறந்ததே அந்த மலைப்பக்கத்தில்தான் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். மசியவில்லை.

ஒருநாள் என்ரை அவர் பெருவின் சரித்திரம் வாசித்துக்கொண்டிருந்தார். அங்கேயும் 1980 முதல் 2000 வரை சண்டை. ஒளிரும் பாதை என்ற இயக்கத்துக்கும் அரச படைக்கும் நடுவில் சனம் அகப்பட்டது. உண்மை அறியும் ஆணைக்குழு 2003இல் தந்த அறிக்கை, செத்தவர்களும் காணாமற் போனவர்களும் ஏறக்குறைய 69,000 பேர் என்று மதிப்பிட்டது. நாலில் மூன்று பேர் கெச்சுவா போன்ற மலைச் சனத்தின் மொழி பேசியவர்கள். ஆகக் கூடிய அழிவு அயகுச்சோ பகுதியில். அங்கே அஞ்சலிக்கா மென்டோசா என்ற தாயின் மகனை 1983இல் வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவ மற்றத் தாய்மாரையும் சேர்த்து அதே ஆண்டு ஒரு சங்கம் தொடங்கினா. அந்தச் சங்கம் 2005இல் அயகுச்சோவில் ஒரு நினைவுக் காட்சிச்சாலையும் திறந்தது.

அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. என்ரை தம்பியைப் பிடித்துக்கொண்டு போனது 1990இல். இன்றுவரை ஒரு தகவலுமில்லை.

"அந்த மனிசி மகனைக் கண்டதோ?"

"இல்லையம்மா. 2017இல செத்துப் போனா. கடைசிவரை காணயில்லை."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அம்மா கேட்டா: "பிள்ளை, அந்த ஊர் எவ்வளவு உயரம்?"

அயகுச்சோ ஏறக்குறைய 2,750 மீற்றர். மறுபடி டொக்டரிடம் போனோம். "இரண்டு இரவு, ஆறுதலாக. தலையிடித்தால் உடனே லீமாவுக்கு இறங்கிவிட வேணும்" என்று சம்மதித்தார். லீமாவிலிருந்து பிளேனில் ஒரு மணித்தியாலம்தான். ஆகவே திட்டத்தை இரண்டாகப் பிரித்தோம். அவரும் மகளும் மச்சு பிச்சுவுக்கு. நானும் அம்மாவும் அயகுச்சோவுக்கு. பிறகு நாலு பேரும் லீமாவில் சந்திப்பது.

ஊரில் இவ்வளவு நடந்திருக்க உல்லாசப் பயணம் கேட்குதோ என்று சிலர் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் முப்பது வருசத்துக்கு மேலாக அம்மா தானாக ஓரிடத்துக்குப் போக ஆசைப்பட்டது இதுதான் முதற்தடவை. உங்கட வீட்டில் பயணத்துக்கு ஆயத்தம் செய்யும்போது, "வயது போனதுகள் வீட்டில நிக்கட்டும்" என்று முடிவெடுக்க முதல், எங்கே போக விருப்பம் என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.

போன கிழமை அம்மா தம்பியின் படத்தைப் பெட்டிக்குள் வைத்தா. "எனக்கும் ஒரு மகன்" என்று ஸ்பானிய மொழியில் எழுதித் தரச் சொல்லி மகளைக் கேட்டா. அந்தத் தாய்மாரில் பலர் பேசுவது கெச்சுவா மொழி, ஸ்பானிஷ் விளங்குமோ தெரியாது என்றாள் மகள்.

"அப்ப படத்தைக் காட்டினாக் காணும்" என்றா அம்மா.