16 காட்சியோட முடிஞ்ச மியூசிக்கல்

தோல்விதான் வெற்றிக்கு முதல் படின்னு கேட்டுக் கேட்டு வளர்ந்தவங்க நாம. அந்த முதல் படியில நின்னவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

1934-ல் ஜார்ஜ் எஸ். காஃப்மனும் மாஸ் ஹார்ட்டும் சேர்ந்து 'மெரிலி வி ரோல் அலாங்' என்று ஒரு நாடகம் எழுதினாங்க. கதை தலைகீழா நகரும். தொடக்கத்தில் பணம், பேர் எல்லாம் இருந்தும் நண்பர்களை இழந்துட்ட ஒரு மனிதர். காட்சிக்குக் காட்சி வயசு குறைஞ்சுகிட்டே போய், கடைசியில் அதே ஆள் கனவோட நிக்கிற இளைஞனா இருப்பார்.

1981-ல் இதை மியூசிக்கலா மாத்தினாங்க. இசையும் பாடல்களும் ஸ்டீபன் சோண்ட்ஹைம், இயக்கம் ஹால் பிரின்ஸ். 1970-களில் 'கம்பெனி', 'ஃபாலீஸ்', 'ஸ்வீனி டாட்' கொடுத்த அதே ஜோடி. நடிக்கிறவங்க எல்லாரும் சின்னப் பசங்களா இருக்கணும்னு பிரின்ஸ் முடிவு பண்ணினார். நிறைய பேருக்கு அதுதான் முதல் பிராட்வே மேடை.

சிக்கலும் அங்கேதான். இருபது வயசுப் பையன் நாற்பது வயசுக்காரரா வந்து நிக்கிறான், கதையும் பின்னாடி போகுது. யார் யாருன்னே பார்வையாளர்களுக்குப் புரியல. பாத்திரத்தோட அடையாளத்தைச் சட்டையிலயே அச்சடிச்சுப் பார்த்தாங்க. ப்ரிவ்யூ நடக்கும்போதே கதாநாயகனை மாத்தினாங்க, நடன இயக்குநரை மாத்தினாங்க. பாதியில எழுந்து போறவங்க போய்க்கிட்டேதான் இருந்தாங்க.

நவம்பர் 16 அன்று முறைப்படி திறந்த நாடகம், நவம்பர் 28 அன்று மூடப்பட்டது. மொத்தம் 16 காட்சிகள். மறுநாளே அந்தப் பசங்க ஸ்டுடியோவுக்குப் போய் எல்லாப் பாட்டையும் பாடிப் பதிவு செஞ்சாங்க. வேலை போன மறுநாள்! அந்த ஆல்பம்தான் நாடகத்தைச் சாக விடல.

நட்பு உடையுற கதையைச் சொன்ன அந்த ஜோடியும் பிரிஞ்சது. சோண்ட்ஹைமும் பிரின்ஸும் மறுபடி ஒரு புது மியூசிக்கலில் சேர 2003 ஆயிடுச்சு.

இதுக்கு நடுவுல சோண்ட்ஹைமும் கதை எழுதின ஜார்ஜ் ஃபர்த்தும் நாடகத்தைத் திருத்திக்கிட்டே இருந்தாங்க. சில பாட்டு போச்சு, சில பாட்டு புதுசா வந்தது. வயசுல பெரிய நடிகர்கள் நடிக்க ஆரம்பிச்சாங்க. 2023-ல் மரியா ஃப்ரீட்மன் இயக்கத்தில், டேனியல் ராட்கிளிஃப், ஜோனதன் கிராஃப், லிண்ட்சே மெண்டெஸ் நடிப்பில் மறுபடியும் பிராட்வே வந்தது. 2024-ல் 4 டோனி விருதுகள். ஆனா, அதைப் பார்க்க சோண்ட்ஹைம் இல்லை. 2021-லேயே இறந்துட்டார்.

சாஃப்ட்வேர்ல நாங்க வெர்ஷன் 1 சொதப்பினா வெர்ஷன் 2 விடுவோம். அது ஓடினா எல்லாம் சரியாயிடுச்சுன்னு கணக்கை மூடிடுவோம். வெர்ஷன் 1-க்காக ராத்திரி முழிச்சவங்க கணக்கு அதில் வராது.

1981-ல் சார்லியா நடிச்ச லோனி பிரைஸ், 2016-ல் தன்னோட அந்தப் பழைய குழுவைத் தேடிப்போய் ஒரு ஆவணப்படம் எடுத்தார். சிலர் பெரிய ஆளானாங்க. ஜேசன் அலெக்சாண்டர் அந்தக் கூட்டத்துல ஒருத்தர்தான். சிலர் மேடையை விட்டே விலகிட்டாங்க. அந்த 4 விருதும் அவங்களோட இருபது வயசைத் திருப்பித் தராது.

அதனால, நாடகம் ஜெயிச்சிருச்சு, சரி. முதல் படியில நின்னவங்களையும் கொஞ்சம் நினைச்சுக்குவோம். கேட்கணும்னு தோணினா அந்த 1981 ஆல்பத்திலிருந்தே ஆரம்பிங்க. மூடின மறுநாள் பாடின குரல்கள்னு ஞாபகம் வெச்சுக்கிட்டுக் கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.