லாரி எங்கே போகிறது?

திருப்பத்தூரில் ஒரு வீட்டு வாசலில் கழிவுநீர் லாரி வந்து நிற்கிறது. பருத்த குழாய் செப்டிக் டேங்குக்குள் இறங்குகிறது; சற்று நேரத்தில் தொட்டி காலி. லாரி கிளம்பியதும் வீட்டுக்காரரின் கவலை தீர்ந்தது. ஊரின் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

ஏரிக்கரையிலோ, புறம்போக்கிலோ, ஜவ்வாது மலையடிவார ஓடையிலோ இரவோடு இரவாகக் கொட்டப்படும் கழிவு, நிலத்தில் இறங்கிக் குடிநீர்க் கிணற்றையே எட்டிவிடும்.

இதைத் தடுக்கத்தான் தமிழ்நாடு அரசு 2022-இல் சட்டத்தைத் திருத்தியது. இந்த லாரிகளுக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். விதிமீறினால் முதல்முறை 25,000 ரூபாய், மறுமுறை 50,000 ரூபாய் அபராதம்.

ஆனால் அபராதம் பாதி வேலைதான். முறையாகக் கொட்ட ஓர் இடமும் வேண்டுமே! செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி, ஒரு சிறிய பேரூராட்சி. 2017-இல் அங்கே கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. பக்கத்து மதுராந்தகம் நகராட்சியின் கழிவும் அங்கேதான் போகிறது. மணலும் சல்லியும் பரப்பிய படுகையில் கசடு வெயிலில் காய்கிறது. வடியும் நீர் தனியே சுத்தமாகிறது. கருங்குழியால் முடிந்தது மற்ற ஊர்களாலும் முடியும்.

இரண்டு, மூன்று ஆண்டுக்கொரு முறை தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் தொட்டிக்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உதவிக்கு 14420 என்ற எண் இருக்கிறது. லாரி வந்தால், உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். எங்கே கொட்டுவீர்கள் என்றும் கேளுங்கள்.