கடல் கடந்து ஒரு பயிற்சி
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



நான் இப்பள்ளிக்கு வந்த புதிதில் ஆறாம் ஆண்டு படித்த பெண் ஒருத்தி இன்று பொதுச் சுகாதாரத்தில் முதுகலை பயில்கிறாள். அப்பா பால்மரம் வெட்டியவர். மூன்று மாதப் பயிற்சிக்காக அவள் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாருக்குப் போய் வந்தாள். சம்பளம் கிடையாது, சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் சிறிய படி மட்டுமே. "இவ்வளவு படிச்சிட்டு சும்மா வேலை செய்யவா போகணும், டீச்சர்?" என்று அவள் அம்மா என்னிடம் வருத்தப்பட்டார். நியாயமான கேள்விதான்.

2017 ஆகஸ்டில் மியன்மாரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து ரோஹிங்யா மக்கள் உயிருக்கு அஞ்சி ஓடினார்கள். சில மாதங்களில் 7 லட்சம் பேருக்கு மேல் அங்கே வந்து சேர்ந்தனர். பாதிக்கு மேல் குழந்தைகள். மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு குன்றுச் சரிவில் கட்டிய குடிசைகள்; அடை மழை பெய்தால் மண் சரியும்.

குழந்தைகளைத் தூக்கி வைத்துச் சோறு ஊட்டுவாள் என்றுதான் நாமெல்லாம் நினைத்தோம். அவளுக்குக் கிடைத்ததோ கணக்கு வேலை! முகாமில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளின் மேற்கையை ஒரு நாடாவால் அளப்பார்கள். 12.5 செண்டிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், 11.5க்கும் கீழே சிவப்பு. சிவப்பு என்றால் உயிருக்கே ஆபத்து. மாணவர்களே, அடிக்கோலில் 11.5 அளந்து ஒரு நூலை வெட்டி, முனைகளைச் சேர்த்து வளையமாக்கிப் பாருங்கள். அதற்குள் ஒரு பிள்ளையின் கை அடங்கிவிடுகிறது என்றால்!

சிவப்பில் உள்ள பிள்ளைக்கு நிலக்கடலை, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், சத்துப் பொருள்கள் சேர்ந்த பசை தருவார்கள். 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. தண்ணீர் ஊற்ற வேண்டாம், அடுப்பு மூட்ட வேண்டாம். நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில் அதுதான் பெரிய காரியம். வேறு நோய் இல்லாவிட்டால் பிள்ளை தாயோடு குடிசையிலேயே தேறிவிடும்.

அந்த அளவுகளைச் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் பதிவதுதான் இவள் வேலை. 11.4 என்பதை 12.4 என்று தட்டிவிட்டால் சிவப்பு மஞ்சளாகிவிடும். அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டிய பொட்டலம் சேராமல் போகும். கணக்குப் பாடத்தில் தசமப் புள்ளிக்காக நான் உங்களிடம் ஏன் சண்டை போடுகிறேன் என்று இப்போது புரிகிறதா, தம்பிகளே?

நாடாவைப் பிடிக்கத் தாய்மார்களுக்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் நிறம் தெரியுமல்லவா? வெளியூர்ப் பட்டதாரியைவிடப் பெற்றவள்தானே பிள்ளையை நாள்தோறும் பார்க்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

தீபாவளிக்கு ஊர் வந்தபோது "போட்டோ காட்டு" என்று எல்லாரும் கேட்டார்கள். அவளிடம் ஒரு குழந்தையின் படம்கூட இல்லை. இஷ்டத்திற்குப் படம் எடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்களாம். சிலருக்கு ஏமாற்றம். எனக்கோ அவள் மீது மரியாதை கூடியது.

இப்போது அந்தப் பதிவுகளைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரை எழுதிக் கொண்டிருக்கிறாள். பள்ளி விடுமுறையில் தோட்டத்திற்கு வருவாள். மேல்படிப்பைப் பற்றி விசாரிக்க விரும்புகிற பெற்றோர் நேரில் கேட்டுக் கொள்ளலாம்.