நாக்கா? பொட்டலமா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர், "நாக்குதான் குற்றவாளி" என்றார். ஐயா, லட்டு தின்றால் இனிப்புன்னு நாக்குக்குத் தெரியும். தக்காளி சாஸுக்குள் சர்க்கரை இருப்பது யாருக்குத் தெரியும்? சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப்... திருடனுக்குத்தானய்யா இத்தனை பேரு! (கைதட்டல்)

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, நம்ம புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நாலு பேருக்கு ஒருத்தர்! சோறும் சோம்பலும்கூடக் காரணம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றலாமா?

நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 300 மில்லி கோலாவிலேயே ஏறக்குறைய 30 கிராம்! சரி, செயற்கை இனிப்பு? எடை குறைக்க அதை நம்பாதீர்கள் என்று அதே நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது.

தாய்மார்களே, விலையைப் பார்க்கும் முன் பொட்டலத்தின் பின்பக்கம் படியுங்கள். நாக்கு ஏமாந்தது, ஏமாற்றியது பொட்டலமே!