வலிக்கு நன்றி சொன்ன டாக்டர்

 

வில்லியனூர் மாதா திருவிழாவுக்கு மக்கள் நம் ஊர் வழியாக நடந்து போவதைச் சிறு வயது முதல் பார்த்து வருகிறோம். அந்நாளில் பெருவியாதிக்காரர்கள் தகரக் குவளையுடன் சாலையோரம் உட்கார்ந்திருப்பார்கள். நாமும் காசு போட்டோம். எப்படிப் போட்டோம்? எட்ட நின்று, கை படாமல் போட்டோம். ஆகவேதான் இந்த ஜூபிலி நாளில், அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்த ஒருவரைப் பற்றிப் பேச வந்தோம்.

டாக்டர் பால் பிராண்ட் ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914ல் கொல்லிமலையில் பிறந்தவர். அவருடைய தந்தை 1929ல் அந்த மலையிலேயே காய்ச்சல் கண்டு இறந்தார். மகன் இங்கிலாந்தில் முதலில் கட்டிட வேலை கற்றார். தச்சும் கொத்தும் பழகிய பின்னரே மருத்துவம் படித்தார். 1946ல் வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர், புராட்டஸ்டாண்டு மிஷனரிகளின் பிள்ளை. இருந்தால் என்ன? நாம் செய்யத் தயங்கியதை அவர் செய்தார்.

வந்த சிறிது காலத்தில் செங்கல்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையை நீட்டி, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் டாக்டருக்கு வலி பொறுக்கவில்லை! செத்துப்போனது என்று உலகம் ஒதுக்கிய கையில் இத்தனை பலம் இருந்தது. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கிற்று. நன்றாக வேலை செய்யும் ஒரு தசையின் நாரை எடுத்து, விரலை நிமிர்த்தும் வேலைக்கு மாற்றிப் பொருத்தினார். மூடிய கை திறந்தது. சோற்றைப் பிசைந்து உண்ணவும், உளி பிடிக்கவும் முடிந்தது.

ஆனால் சரிசெய்த விரல்களிலும் மறுபடி புண் வந்தது. சிலருக்கு இரவோடு இரவாக விரல் நுனியே காணாமற் போயிற்று. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தால், எலி கடித்துக் கொண்டிருக்கிறது. நோயாளியோ அயர்ந்து தூங்குகிறார்! பிறகு அவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். சதை தானாக அழுகி விழுகிறது என்று நாம் நம்பியது தவறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போகிறது, வலி தெரியாததால் காயம் கவனிப்பாரற்றுப் பெருகுகிறது. இதை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் பிராண்ட்.

ஒருமுறை லண்டனில் அவருடைய குதிகாலே மரத்துவிட்டது. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டதென்று அன்றிரவெல்லாம் உறக்கமின்றிக் கிடந்தார். விடிந்ததும் மீண்டும் குத்தினார், சுரீரென்று வலித்தது. நெடுநேர ரயில் பயணத்தில் நரம்பு அழுந்தியிருந்தது, அவ்வளவுதான். வலித்ததற்காக அன்று கடவுளுக்கு நன்றி சொன்னார்.

1966ல் அமெரிக்கா சென்றார், 2003ல் காலமானார். இன்று கூட்டு மருந்தினால் தொழுநோய் முழுதும் குணமாகிறது, மருந்து இலவசம். என்றாலும் 2022-23ல் மட்டும் நம் நாட்டில் 1 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தில் தொழுநோயும் ஒரு காரணமாக இருந்தது; அது 2019ல்தான் நீக்கப்பட்டது. மருந்து வந்து எத்தனை காலம் கழித்து!

இன்னொன்று. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் இந்தப் பந்தலிலேயே பலர் இருக்கிறீர்கள். நீங்கள் அணியும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு, வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளரின் பாதத்தைக் காக்கப் பிராண்டும் அவருடன் உழைத்தோரும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. செருப்பு மட்டும் போதாது. இரவு படுக்குமுன் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். முள்ளோ கொப்புளமோ இருந்தால் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் யாருக்கேனும் இருந்தாலும் அப்படியே, மறைக்க வேண்டாம்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.