ரைஃபிள்: வாங்குவதா, செய்து கொள்வதா?

(சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், ‘பி’ பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். லிஃப்டில் ஒரு பெண் பிள்ளை, தோளில் நீளமான கறுப்புப் பெட்டி. “உள்ளே என்ன?” என்று கேட்டு நாற்பது பதிவுகள். அந்தப் பிள்ளை என் மகள்தான். உள்ளே இருந்தது பத்து மீட்டர் போட்டிக்கான ஏர் ரைஃபிள். “நீங்களே வந்து ஒரு தடவை பேசிடுங்க சார்” என்றார் செயலாளர். அதற்குள் மூன்று வீட்டுக்காரர்கள் என்னைத் தனியாகப் பிடித்து, “எங்க பிள்ளையும் சேரணும்ங்குது, ரெடிமேடா வாங்கறதா, அளவு கொடுத்துச் செஞ்சுக்கறதா?” என்று கேட்டுவிட்டார்கள். ஆகவே பயத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும் பணத்தைப் பற்றி அதிகமாகவும் பேசுகிறேன்.

முதலில் சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது குற்றம். அமெரிக்காவில் ஒருவர் குழலை ஓரிடத்தில், கட்டையை ஓரிடத்தில், ட்ரிக்கரை ஓரிடத்தில் வாங்கி வீட்டுப் பட்டறையில் ரைஃபிள் பூட்டுகிறார் என்றால், அங்கே சட்டத்தின் கண்ணில் ‘துப்பாக்கி’ என்பது நடுவில் இருக்கும் ரிசீவர் என்ற ஒரு பாகம்தான். மற்றதெல்லாம் உதிரி பாகம். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே யாரும் கடைசல் பட்டறைக்குப் போக வேண்டாம். போட்டிக்கான ஏர் ரைஃபிள் வேறு. 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்குள் ஆற்றல் என்றால் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவையில்லை. இருந்தாலும் பில்லும் கிளப் அட்டையின் நகலும் எங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கும். யார் கேட்டாலும் காட்டுவோம்.

அப்படியானால் நம் ஊரில் ‘செய்து கொள்வது’ என்றால் என்ன? குழலும் காற்று வால்வும் கம்பெனியுடையவை. நாம் கை வைக்கக் கூடியது கட்டையில்தான். ஸ்டாக் என்பார்கள். தோளிலும் கன்னத்திலும் இரு கைகளிலும் உடம்பைத் தொடுகிற பகுதி அதுதான். நான் தவறு செய்த இடமும் அதுதான்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதை என் மகள் வெகுநாள் கழித்து ஒரு காணொளியில் பார்த்தாள். அன்று பிடித்த பைத்தியம். பன்னிரண்டரை வயதில் கிளப்பில் சேர்த்தோம். கிளப் துப்பாக்கி பெரியவர்கள் அளவு. ரைஃபிளின் எடை விதிப்படி ஐந்தரை கிலோ வரை போகலாம். அவள் எடை அப்போது முப்பத்தெட்டு கிலோ. மூன்றாம் மாதம் இடுப்புக்கு மேலே வலி என்றாள். பிசியோதெரபிஸ்ட், “துப்பாக்கி பிள்ளைக்குப் பொருந்தலை, பிள்ளைதான் துப்பாக்கிக்குப் பொருந்தப் பார்க்குது” என்றார்.

அந்த வாக்கியத்தை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். பழைய ரைஃபிள் ஒன்றை வாங்கி, வெளியூரில் கட்டை செதுக்கித் தரும் ஒருவரிடம் மகளை அழைத்துப் போனேன். கை நீளம், கழுத்து, தோள், உள்ளங்கை எல்லாம் அளந்தார். வால்நட் மரத்தில் அருமையான வேலை. பிடியில் அவளுடைய ஐந்து விரலுக்கும் தனித்தனிப் பள்ளம். ரைஃபிளின் விலையில் பாதி அந்தக் கட்டைக்கே போனது. முதல் இரண்டு மாதம் புள்ளிகள் ஏறின. நான் தெருவெல்லாம் பெருமை பேசினேன்.

பிறகு பிள்ளை வளர்ந்தது! ஒரே வருஷத்தில் ஏழு சென்டிமீட்டர். விரல்கள் பள்ளத்தை விட்டு வெளியே வந்தன. கன்னம் வைக்கும் இடம் தாழ்ந்துபோனதால் கண்ணைக் கீழே கொண்டுவரக் கழுத்தை மடக்கினாள். வலி திரும்பவும் வந்தது, இந்த முறை கழுத்தில். மாநிலப் போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. திருத்தித் தரச் சொல்லிக் கேட்டால், “மரத்தைச் செதுக்கலாம் சார், ஒட்ட முடியாது” என்றார் அவர். அவர் மேல் தப்பே இல்லை. வளர்கிற பிள்ளைக்குப் பட்டுப் பாவாடையை மடிப்பு வைக்காமல் தைக்கச் சொன்னவன் நான்தான். அந்த வருஷம் அவள் போட்டிக்குப் போகவில்லை. அதற்காக என்னோடு நாலு நாள் பேசவுமில்லை.

இந்த விளையாட்டில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொன்னால்தான் இதன் வலி புரியும். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் பத்தாம் வட்டம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அறுபது குண்டு, எழுபத்தைந்து நிமிஷம். ஒவ்வொரு குண்டுக்கும் அதிகபட்சம் 10.9, மொத்தம் 654. தசையால் துப்பாக்கியைத் தாங்கினால் பத்தாவது குண்டுக்குள் கை நடுங்கிவிடும். அதனால் இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, முதுகைச் சற்றுப் பின்னால் சாய்த்து, எலும்பின் மேலேயே எடையை இறக்குகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கி, மூச்சு விட்டு, கண்ணைத் திறக்க வேண்டும். குழல் தானாக இலக்கின் மேல் நின்றால் அளவு சரி. பக்கவாட்டில் விலகினால் பாதத்தை நகர்த்த வேண்டும். மேலே கீழே போனால் தோளில் பதியும் தகட்டின் உயரத்தை மாற்ற வேண்டும். கையால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது. இதைத்தான் கோச் மாதக்கணக்கில் சொல்லித் தருகிறார்.

இதற்குத்தான் ஜெர்மனியின் உல்ம், ஓபர்ன்டார்ஃப் போன்ற ஊர்க் கம்பெனிகள் அலுமினியச் சட்டம் போட்ட ரைஃபிள்களைச் செய்கின்றன. (உல்ம், ஐன்ஸ்டீன் பிறந்த ஊர். இது தலைப்புக்குச் சம்பந்தமில்லை, விடுங்கள்.) தோள் தகடு, கன்னத் தாங்கி, கைப்பிடி, கீழே இடக்கை தாங்கும் கட்டை என எல்லாமே ஒரு சிறு ஸ்பேனரில் நகரும், பக்கத்தில் அளவுக்கோடும் இருக்கும். பிள்ளை வளர வளர நீங்கள் திருகை நகர்த்துகிறீர்கள், அவ்வளவுதான். புதிது என்றால் எங்களுக்குச் சொன்ன விலை இரண்டு லட்சத்துக்கு மேல். நாங்கள் வாங்கியது பழையது, கல்லூரிக்குப் போன ஒரு பையனுடையது.

பழையது வாங்கினால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். காற்றுச் சிலிண்டரில் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். அதிலிருந்து பத்து வருஷம்தான் அதன் ஆயுள். 200 பார் அழுத்தம் உள்ளே இருக்கிறது, பிள்ளையின் முகம் பக்கத்தில் இருக்கிறது. காலாவதியான சிலிண்டரைப் போட்டியிலும் அனுமதிக்க மாட்டார்கள். எங்களுக்குக் காட்டிய முதல் ரைஃபிளின் சிலிண்டர் பதிமூன்று வருஷம் ஆனது. விற்றவர் வாயே திறக்கவில்லை.

கம்பெனிப் பொருள் என்றால் பழுதாகாது என்று நினைக்காதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவிலேயே கோளாறாகி, நேரம் போய், இறுதிச் சுற்று கைநழுவியது. அதே மனு பாக்கர் 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். ஆனால் கம்பெனிப் பொருளுக்கு உதிரி பாகம் கிடைக்கும், பக்கத்து லேனில் நிற்பவரிடம்கூட அதே திருகு இருக்கும். என் வால்நட் கட்டைக்கு உலகத்தில் வேறு ஜோடி கிடையாது.

கைவேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வளர்ச்சி நின்று, நிற்கும் விதம் இரண்டு மூன்று வருஷம் மாறாமல் இருந்தால், பிடியை மட்டும் கைக்கு ஏற்றபடி செதுக்கிக் கொள்ளலாம். பெரிய வீரர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். என் மகளுக்கு இப்போது பதினாறு. கன்னத் தாங்கியின் மேல் மெல்லிய கார்க் ஒட்டிக்கொண்டாள், செலவு அறுபது ரூபாய். இந்த வருஷம் அவளுக்குக் கிடைத்ததில் நல்ல மாற்றம் அதுதான் என்கிறாள்.

கேட்ட மூன்று பேருக்கும் என் பதில்: ஆறு மாதம் கிளப் துப்பாக்கியிலேயே சுடட்டும். எடை அதிகம் என்றால் ஸ்டாண்டில் தாங்கிச் சுட வையுங்கள். எந்தத் திருகு எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பிள்ளையையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வாங்கப் போகும்போது அந்த நோட்டையும் கோச்சையும் கூட்டிப் போங்கள். அப்பாவை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

அந்த வால்நட் கட்டையைப் பின்னால் மேஜையில் வைத்திருக்கிறேன். வெறும் மரம்தான், தைரியமாகத் தொட்டுப் பாருங்கள். கீழே பெயரைச் செதுக்கியிருக்கிறார், அழகாக இருக்கும். காபி வந்துவிட்டது என்கிறார் செயலாளர். கேள்விகளைக் காபியோடு கேளுங்கள்.