பந்தைத் தள்ளிக் கொடுத்தவர் யார்?



நம்ம ஜொகூர் டாருல் தாக்சிம் காற்பந்துக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2014ஆம் ஆண்டுப் பருவத்திற்கு, இரண்டு உலகக் கிண்ணங்களில் ஆடிய அர்ஜெண்டினா வீரர் பாப்லோ ஐமாரை அது கொண்டுவந்தது. காயத்தால் ஏப்ரலிலேயே அவர் விலக நேர்ந்தது. குழு உடைந்துபோச்சா? இல்லையே! அதே ஆண்டு மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. 2015இல், துஷான்பே நகரில் இஸ்திக்லோல் குழுவை 1-0 என வீழ்த்தி, அதுவரை தென்கிழக்காசியக் குழு எதுவும் வெல்லாத ஏ.எப்.சி. கிண்ணத்தையும் தூக்கி வந்தது. கோல் போட்டவர் வெலாஸ்கேஸ் ஒருவர். ஒரு கோலும் விடாமல் காத்தவர்களோ பலர்.

நட்சத்திரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அவர் இல்லாத அன்றும் ஆடத் தெரிந்தால்தான் அது குழு.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளே, உங்களுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்தவர் யாரென்று சற்றே திரும்பிப் பாருங்கள். வாங்காத பிள்ளைகளே, நீங்களும் ஆட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.